ஒரு கமா குறைகிறது

“இன்னொருத்தி யாரு?”

கல்யாண நாள் பரிசாகக் கொடுத்த கப்பைக் கையில் வைத்துக்கொண்டு மனைவி இப்படிக் கேட்டதும் லிஃப்ட் மெக்கானிக்குக்குத் தூக்கிவாரிப்போட்டது. தெருமுனைக் கடையில் ஆசை ஆசையாக அச்சடித்து வாங்கி வந்த கப் அது. ‘டு மை வைஃப் ஹூ லவ்ஸ் மீ’. என் மேல் அன்பு வைத்திருக்கும் என் மனைவிக்கு. இதில் இன்னொருத்தி எங்கிருந்து முளைத்தாள்?

மனைவி பள்ளியில் ஆங்கில இலக்கணம் எடுப்பவள். வீட்டிலும் எடுப்பாள்.

“‘ஹூ லவ்ஸ் மீ’ங்கிறது அட்ஜெக்டிவ் க்ளாஸ், அதாவது வைஃபை விவரிக்கிற துணை வாக்கியம். அதுக்கு முன்னாடி கமா போட்டா, இருக்கிறது ஒரே பொண்டாட்டி, அவ அன்பா இருக்கா. கமா இல்லேன்னா, இருக்கிற பொண்டாட்டிங்கள்ல அன்பா இருக்கிறவளுக்கு மட்டும்னு அர்த்தம்.”

“எனக்கு நீ ஒருத்தியே ஜாஸ்தி.”

இதைச் சொல்லியிருக்க வேண்டாம். அன்றைக்கு அவனுக்கு வீட்டில் சாப்பாடு கிடையாது.

மறுநாள் காலையில் கடைக்கு ஓடினான். அன்பைப் பற்றிப் பேசியதால்தானே இந்த வம்பு? சந்தேகத்துக்கே இடமில்லாமல் புதுக் கப் அடித்து வந்தான். ‘டு மை வைஃப் ஹூ லிவ்ஸ் இன் திஸ் ஹவுஸ்’. இந்த வீட்டில் இருக்கும் என் மனைவிக்கு.

படித்தவள் முகம் வெளுத்துவிட்டது.

“அப்ப அவளுக்குத் தனி வீடே பார்த்துக் கொடுத்தாச்சா?”

“அடிப்பாவி, கமாவை மறந்துட்டேன்டி.”

“ரெண்டு தடவையுமா?”

பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கித் துணிகளை அடுக்க ஆரம்பித்தாள். சாயங்காலத்துக்குள் கமா வராவிட்டால் அம்மா வீட்டுக்குப் போய்விடுவாளாம்.

லிஃப்ட் நடு மாடியில் நின்றுபோனாலும் பதறாதவன், பதறியடித்துக்கொண்டு கடைக்காரர் முன்னால் போய் நின்றான்.

“வைஃபுக்கு அப்புறம் ஒரு கமா போடுங்கண்ணே. என் குடும்பமே அதுலதான் தொங்குது.”

கடைக்காரர் சலித்துக்கொண்டார்.

“உங்க வீட்ல ஆளுக்கு ஒண்ணு சொல்றீங்களே. போன மாசம் டீச்சரம்மா அடிச்ச கப்புல கமா போட்டதுக்கு என்னைத் திட்டினாங்க.”

அப்படி ஒரு கப்பை அவன் கண்ணால் கண்டதில்லை.

“எந்தக் கப்பு?”

“அதான், ‘டு மை ஹஸ்பண்ட் ஹூ லவ்ஸ் மீ’. கமா போட்டா அர்த்தமே மாறிடும், எடுங்கன்னு பக்கத்துலேயே நின்னு எடுக்க வச்சாங்களே.”