இடது பக்கத்து இருமல்

அன்று காலை பல் தேய்த்துக்கொண்டே லிஃப்ட்காரர் ஒரு முடிவுக்கு வந்தார். கல்யாணமான நாள் முதல் இந்த வீட்டில் எடுக்கப்பட்ட முடிவுகள் எல்லாம் அவருக்குத் தெரிவிக்கப்பட்டவை. இன்றைக்கு ஒன்றையாவது அவரே எடுத்துவிடுவது. காருக்கு எக்ஸ்டெண்டட் வாரண்டி வாங்கியே தீருவது. வாயில் நுரையோடு கண்ணாடியைப் பார்த்து, "வாங்குறோம்" என்றார். கண்ணாடியில் இருந்தவர் அவ்வளவாக நம்பவில்லை.

லிஃப்ட்காரர் என்பது தெருவில் வைத்த பெயர். அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்டைச் சோதித்து, ஓடலாம், ஓடக்கூடாது என்று சீட்டுக் கொடுப்பது அவர் வேலை. பெரிய பெரிய முதலாளிகள்கூட அவர் தலையசைத்தால்தான் மேலே போக முடியும். வீட்டுக்கு வந்தால் அவரே தரைத்தளம். காரணம், மனைவி பல் டாக்டர். எதிரில் இருப்பவர் வாயைத் திறக்கச் சொல்லி, பஞ்சைத் திணித்துவிட்டுப் பேசியே பழகியவள். பதில் வரும் என்று எதிர்பார்க்கும் வழக்கமே அவளுக்கு இல்லை.

காரோடு வந்த வாரண்டி அன்றோடு முடிகிறது. சர்வீஸ் சென்டரிலிருந்து ஒரு பெண் குரல் போனில் அவரை நன்றாகக் கலக்கி வைத்திருந்தது. "நாளைக்கு இன்ஜினுக்கு ஏதாவது ஆச்சுன்னா நாங்க பொறுப்பில்ல சார். எதுக்கும் யோசிச்சுக்குங்க." அதிலிருந்து காரைப் பார்க்கும்போதெல்லாம், வாசலில் நிற்கிறபடியே அது பொலபொலவென்று உதிர்ந்துவிடும் போலத் தோன்றியது.

காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"வாரண்டி விஷயம்..."

"என்ன வாரண்ட்? யாரைப் பிடிக்க வர்றாங்க?"

"வாரண்ட் இல்ல, வாரண்டி. நீட்டிக்கலாம்னு பார்க்கிறேன்."

"எதை? வாரண்டியையா, உங்க கழுத்தையா?"

"விளையாடாதே. நாளைக்கே ஏதாவது போச்சுன்னா?"

அவள் கைப்பையில் எதையோ தேடிக்கொண்டே சொன்னாள். "இந்த வண்டியில இதுவரைக்கும் போனது என்னென்ன? இடது கண்ணாடி. வலது கண்ணாடி. பின்னாடி பம்பர். அதெல்லாம் தானா போகல. நீங்க போனீங்க, அதுவும் போச்சு. உங்களுக்கு வாரண்டி போடுவாங்களான்னு கேட்டுப் பாருங்க, நானே வாங்கித் தர்றேன்."

"அப்போ வேண்டாங்கிறியா?"

"நான் எங்கே வேண்டாம்னேன்?"

"அப்போ வாங்கலாமா?"

"நான் எங்கே வாங்கலாம்னேன்? உங்க இஷ்டம்."

லிஃப்ட்காரர் காலி டம்ளரை மறுபடி கையில் எடுத்தார். திட்டினால் தாங்கலாம். அழுதால்கூடச் சமாளிக்கலாம். 'உங்க இஷ்டம்' என்பது வேறு ரகம். வாங்கி ஒன்றும் ஆகாவிட்டால், காசைக் கரியாக்கியவர் அவர். வாங்காமல் ஏதாவது ஆகிவிட்டால், குடும்பத்தை நடுரோட்டில் நிறுத்தியவர் அவர். எந்தப் பக்கம் விழுந்தாலும் அடிபடப்போவது ஒரே முதுகுதான்.

இதைவிடப் பெரிய கவலை ஒன்று உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. அது மனைவிக்குத் தெரியாது என்று அவர் நம்பினார்.

ஒரு வாரமாகக் கார் சத்தம் போடுகிறது. நேராகப் போனால் ஒன்றுமில்லை. வலது பக்கம் திருப்பினாலும் ஒன்றுமில்லை. இடது பக்கம் திருப்பினால் மட்டும், முன்சக்கரத்திலிருந்து 'கொர்ர்ர்' என்று ஒரு உறுமல். வாழ்நாளெல்லாம் லிஃப்ட் மோட்டாரின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டவருக்கு அது என்னவென்று புரியாமலா இருக்கும்? பேரிங் போகிறது. லிஃப்டில் இப்படி ஒரு சத்தம் வந்தால், மேலே இருப்பவர்களைப் படியில் இறங்கி வரச் சொல்லிவிட்டுப் பூட்டுப் போட்டுவிடுவார்.

ஆனால் எதிர்வீட்டுக் கணக்கு வாத்தியார் போன வாரம் புலம்பியது அவர் காதிலேயே நின்றது. "வாரண்டி நீட்டணும்னு போனேன் சார். ஓட்டிப் பார்த்தாங்க. வண்டியில ஏதோ சத்தம் வருது, இதுக்கெல்லாம் தர முடியாதுன்னு அனுப்பிட்டாங்க."

ஆகவே திட்டம் தெளிவாக இருந்தது. சத்தத்தை மூடி மறைத்து வாரண்டியை வாங்குவது. அடுத்த வாரம் போய், 'ஐயையோ, இப்பத்தான் சத்தம் வருது' என்று அதே வாரண்டியில் சரிசெய்துகொள்வது. இவ்வளவு சாமர்த்தியம் தனக்குள் இத்தனை நாள் எங்கே ஒளிந்திருந்தது என்று அவருக்கே ஆச்சரியம்.

சாவியை எடுத்தபோது மனைவியும் செருப்பை மாட்டினாள்.

"என்னையும் கிளினிக்ல இறக்கி விட்டுடுங்க."

லிஃப்ட்காரர் மனசுக்குள் வழியைப் போட்டுப் பார்த்தார். கிளினிக் தெருமுனையில் இடது பக்கம்.

தெருமுனை வந்தது. வண்டியை வலது பக்கம் திருப்பினார்.

"கிளினிக் அந்தப் பக்கம்."

"அங்கே பள்ளம் தோண்டியிருக்காங்க."

"நேத்து இல்லையே?"

"ராத்திரியோட ராத்திரியா தோண்டிட்டாங்க."

மறுபடி வலது. அதற்கடுத்தும் வலது. ஒரு இடத்துக்கு வலது பக்கமாகவே போய்ச் சேர வேண்டுமானால் உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும் என்பது அவருக்கு அன்றுதான் விளங்கியது. பள்ளிக்கூடச் சுவர், மருந்துக் கடை, பழக்கடை. மறுபடியும் பள்ளிக்கூடச் சுவர், மருந்துக் கடை, பழக்கடை. பழக்கடைக்காரர் முதலில் பார்த்தார், பிறகு சிரித்தார், அப்புறம் கையை நீட்டி வண்டியையே நிறுத்திவிட்டார்.

"யார் வீடு தேடுறீங்க சார்? சொன்னா வழி காட்டுவேன்ல?"

"கிளினிக் தேடுறார்," என்றாள் மனைவி. "கல்யாணமானதிலேருந்து அங்கேதான் என்னை இறக்கி விடுறார். இன்னும் பிடிபடல."

வண்டி நகர்ந்தது. லிஃப்ட்காரர் அடுத்த வலது திருப்பத்தைத் தேடினார்.

"ஏங்க, இடது பக்கமே திரும்ப மாட்டேங்கிறீங்க?"

"அங்கெல்லாம் வேலை நடக்குது."

"எல்லா இடது பக்கமுமா?"

அதற்குள் தப்பிக்க முடியாத ஒரு இடம் வந்துவிட்டது. வலது பக்கம் போக்குவரத்துக் காவலர் கயிறு கட்டி மறித்திருந்தார். பின்னால் பஸ் ஒன்று ஹாரனை அழுத்திக்கொண்டே நின்றது. வேறு வழியில்லை. ஸ்டியரிங்கை இடது பக்கம் வளைத்தார். சக்கரம் 'கொர்ர்ர்' என்று தொடங்குவதற்குள் இவர் 'கொஹ்ஹ், கொஹ்ஹ்' என்று குடல் வெளியே வருகிற மாதிரி இருமினார். வண்டி நேரானது. இருமலும் நின்றது.

மனைவி அவரை உற்றுப் பார்த்தாள். "ஒரு வாரமாவே இருமுறீங்க. மருந்து வாங்கிக்கிறதுதானே?"

"தூசி."

"ஓ." கிளினிக் வாசலில் இறங்கி, கதவைச் சாத்தப் போனவள் குனிந்து சொன்னாள். "நல்லா யோசிச்சு முடிவு பண்ணுங்க. நான் குறுக்கே வரமாட்டேன்."

அவள் உள்ளே போகும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தச் சக்கரத்தை நம்பி அவளை ஒரு வாரமாக ஏற்றிக்கொண்டு திரிகிறோமே என்ற நினைப்பு சுருக்கென்று குத்தியது. குத்தலைப் பொருட்படுத்தாமல் வண்டியைக் கிளப்பினார். ஜெயிக்கப் போகிறவன் இதற்கெல்லாம் நின்றுகொண்டிருக்க முடியுமா?

சர்வீஸ் சென்டரில் அவரை எதிர்கொண்டது போனில் பேசிய அதே குரல். ஆளைப் பார்த்தால் சின்னப் பெண்தான். நீலக் கோட்டு, காதில் பேனா, முகத்தில் எதையும் காட்டாத ஒரு அமைதி. மனைவிக்கு ஒரு தங்கை இருந்திருந்தால் இப்படித்தான் இருந்திருப்பாள்.

"வண்டியில ஏதாவது குறை இருக்கா சார்?"

"ஒண்ணும் கிடையாது."

"சத்தம் கித்தம்?"

"சத்தமா? இந்த வண்டியிலயா? ஓடுதான்னே தெரியாது. நானே அப்பப்போ இறங்கிப் பார்ப்பேன்."

"நல்லது சார். ஒரு ரவுண்ட் ஓட்டிப் பார்த்துடலாம், வாங்க."

அவள் ஓட்ட, இவர் பக்கத்தில் உட்கார்ந்தார். ஏறியதுமே ரேடியோவைப் போட்டார். யாரோ தக்காளி விலையைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தார்கள். அவள் ஒரு விரலால் அணைத்தாள். வாசலைத் தாண்டியதும் முதல் திருப்பம்: இடது. இவர் இருமினார். அடுத்த திருப்பமும் இடது. அதற்கும் இருமினார். நேராகப் போகும் என்று பெருமூச்சு விட்ட இடத்தில் மறுபடி இடது. பிறகு ஒரு காலி மைதானத்துக்குள் வண்டியை விட்டாள். அங்கே செக்கு மாடு மாதிரி இடது பக்கமாகவே சுற்றத் தொடங்கினாள். விடாமல் சுற்றினாள். இவரும் விடாமல் இருமினார். கண் பிதுங்கியது. காது அடைத்தது. மூச்சை இழுக்க ஒரு நொடி நிறுத்தியதுதான் தாமதம், சக்கரம் அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

'கொர்ர்ர்ர்ர்.'

வண்டி நின்றது.

"சார், இந்த இருமல் இடது பக்கம் திரும்பினா மட்டும்தான் வருமா?"

லிஃப்ட்காரர் கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்தார். எத்தனையோ கட்டடங்களில் எத்தனையோ மேனேஜர்கள் அவர் முன்னால் இதே மாதிரி வேர்த்து நின்றிருக்கிறார்கள். அந்த இடத்தில் நிற்பது இப்படித்தான் இருக்கும் போல.

"பேரிங்னு நினைக்கிறேன்," என்றார் ஈனக்குரலில். "அப்போ வாரண்டி கிடையாதா?"

"யார் சொன்னது? பழைய வாரண்டி இன்னைக்கு வரைக்கும் இருக்கே சார். இன்னைக்குச் சொன்னா நாங்களே மாத்திக் கொடுக்கணும். உங்க வீட்டு அம்மா நேத்தே போன் பண்ணிட்டாங்க. முன்சக்கரம், இடது பக்கம் திரும்பும்போது சத்தம் வருதுன்னு தெளிவா சொன்னாங்க. சாமானும் வாங்கி வைக்கச் சொல்லியிருந்தாங்க, தயாரா இருக்கு."

"அவளுக்கு எப்படி..."

"நீங்க வந்து சத்தமே இல்லைன்னு சொல்வீங்கன்னும் சொன்னாங்க. பாவம், குறுக்கே பேசாம முழுசாச் சொல்லவிடுங்கன்னாங்க."

காத்திருக்கும் அறையில், கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, தன் கார் தூக்கி நிறுத்தப்படுவதைப் பார்த்தார். கழற்றிய பேரிங்கை மெக்கானிக் கொண்டு வந்து காட்டினார். உள்ளே குண்டுகள் அரித்துப் போயிருந்தன. இதன்மேல்தானா அவளை உட்கார வைத்துப் பழக்கடையைச் சுற்றினோம்? நல்லவேளை சொல்லிவிட்டாள். அவளுக்கு மனசுக்குள் நன்றி சொன்னார். சொன்ன கையோடு கோபமும் வந்தது. சரி, சத்தத்தில் தோற்றாயிற்று. வாரண்டி இன்னும் மிச்சம் இருக்கிறது. அதை எவளாலும் தடுக்க முடியாது.

வண்டி தயாரானது. புத்தம்புதுப் பேரிங், ஒரு காசு செலவில்லை. அந்தப் பெண் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

"எக்ஸ்டெண்டட் வாரண்டி என்ன பண்றதா முடிவு பண்ணியிருக்கீங்க சார்?"

லிஃப்ட்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வாயைத் திறந்தார். அதற்குள் அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"சார், உங்களைப் பார்த்தா பாவமா இருக்கு. ஒண்ணு சொல்றேன், நான் சொன்னேன்னு காட்டிக்காதீங்க. வண்டி அம்மா பேர்ல இருக்கு. அவங்க என்ன சொல்லியிருக்காங்கன்னா, உங்ககிட்ட மரியாதைக்குக் கேக்கணுமாம். நீங்க என்ன சொன்னாலும் அதுக்கு நேர்மாறா பதியணுமாம். வேணும்னா வேண்டாம். வேண்டாம்னா வேணும்."

லிஃப்ட்காரருக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்று ஏறியது. கோட்டைச் சுவரில் ஓட்டை! அதுவும் அவள் கையாலேயே போட்ட ஓட்டை! வேண்டும் என்றால் வேண்டாம் என்று ஆகிவிடும். அப்படியானால்? அவர் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டார். சிரிப்பு வந்துவிடுமோ என்று பல்லைக் கடித்தார். மேஜையில் ஓங்கித் தட்டினார்.

"வேண்டாம்!"

காத்திருக்கும் அறையில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா சார்?"

"வேண்டவே வேண்டாம்! எனக்கு அதுல நம்பிக்கையே இல்ல. காசைக் கரியாக்குற வேலை. இது என் முடிவு. நான் சொன்னேன்னே எழுதிக்க!"

அவள் தட்டினாள். திரையைத் திருப்பிக் காட்டினாள். வாடிக்கையாளர் வேண்டாம் என்று கூறிவிட்டார் என்று இருந்தது.

லிஃப்ட்காரர் கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி படித்தார்.

"என்னம்மா இது? நேர்மாறா பதியணும்னு சொன்னியே?"

"சொன்னேன் சார்." அவள் காதில் பேனாவைச் செருகிக்கொண்டாள். "அப்படி உங்க காதுல போடச் சொன்னதே அம்மாதான். வேண்டாங்கிறது உங்க வாயாலதான் வரணுமாம்."