பம்மலில் ஒரு குளிர்ந்த மாடி

வெயிலை ஆராய்கிறவர்கள் வெயிலில் நிற்பதில்லை. ஒரு கருவியை நிற்க வைத்துவிட்டு ஏ.சி. அறைக்குப் போய்விடுவார்கள். நானும் அப்படித்தான் போனேன்.

தாம்பரம் முதல் சிறுசேரி வரை எந்தத் தெரு அதிகம் சுடுகிறது என்பது என் முனைவர் பட்ட ஆய்வு. மொட்டை மாடிகளில் வெப்பமானி வைத்த வெள்ளைப் பெட்டிகளை வைத்தோம். அதில் ஒன்று பம்மலில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டு மாடியில் (வேறு வீட்டில் அனுமதி கேட்டு அலையச் சோம்பல்). மரமே இல்லாத தெரு, கொதிக்கும் என்று எதிர்பார்த்தேன். ஆனால் நடுப்பகலில் எல்லா இடங்களையும்விடக் குளிர்ச்சியானது எங்கள் தெருதான் என்றது கணினி.

புத்தியுள்ளவர்கள் பெட்டியைப் போய்ப் பார்த்திருப்பார்கள். நான் விளக்கம் எழுதினேன். அடையாற்றுக் காற்று சந்துகளுக்குள் நுழைந்து, சுழன்று, குளிர்ந்து... படித்தபோது எனக்கே புல்லரித்தது. பேராசிரியர் நேரில் பார்க்க வருவதாகவும், இது நிஜமானால் பட்டம் உறுதி என்றும் சொன்னார். அம்மா சும்மா இருப்பாளா? எங்கள் தெருதான் குளிர்ச்சி என்று வேலூர்ச் சொந்தங்களுக்கெல்லாம் போன் போட்டாள். பேராசிரியர் வந்த அதே நாள், கோடை முழுக்கத் தங்கும் மூட்டை முடிச்சோடு பெரியப்பாவும் பெரியம்மாவும் வந்து இறங்கினார்கள்.

உச்சி வெயிலில் எல்லோரும் மாடியேறினோம். செருப்பைக் கீழேயே விட்டிருந்ததால் (மரியாதையாம்) ஆளாளுக்குக் கால் மாற்றிக் குதித்தோம். பெட்டியைக் காணோம். அது இருந்த இடத்தில் சொட்டச் சொட்ட நனைந்த ஒரு சாக்கு, பக்கத்தில் வாளியோடு வீட்டுக்கார மும்தாஜ் அக்கா.

"என்னக்கா இது?" என்றேன்.

"இன்னாம்மா நீ, இத்த வெயில்ல வச்சிட்டு உன் பாட்டுக்குப் போய்டுற. சூடாச்சின்னா கெட்டுப்பூடாது? தெனம் நீ போனதும் சாக்கு போத்தி தண்ணி ஊத்துவேன். சாயந்திரம் துணி எடுக்கசொல்ல எடுத்துடுவேன்." பிறகு, குதித்துக்கொண்டிருந்த பேராசிரியரைப் பார்த்துக் கேட்டார். "சார், உங்க காலுக்கும் ஊத்தவா?"

அவர் காலை நீட்டினார்.

எனக்கு மாடியிலிருந்து குதித்துவிடலாம் போலிருந்தது. ஆனாலும் அக்கா மேல் கோபமே வரவில்லை. என்னைவிட அவர்தான் அந்தப் பெட்டியை அக்கறையாகப் பார்த்திருக்கிறார். பட்டம் தள்ளிப்போய், எல்லாவற்றையும் மறுபடி அளந்து, ஒருவழியாக வாங்கினேன்.

அதன்பிறகு என் கல்யாணம், நல்ல மே மாதத்தில். பெரியப்பா மேடையேறி மாப்பிள்ளை கையில் ஒரு பொட்டலத்தைக் கொடுத்தார். பிரித்தால் ஸ்வெட்டர்.

"பொண்ணு வீட்டு மாடி ரொம்பக் குளிரும் மாப்ள, போட்டுக்குங்க" என்றார்.

கல்யாண ஆல்பத்தில் பட்டு வேட்டிக்கு மேலே ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு, வியர்வை வழியச் சிரிப்பவர் என் கணவர். வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா முதலில் புரட்டிக் காட்டுவது அந்தப் பக்கத்தைத்தான்.