இரவல் துப்பல்

வாய்க்குள் ஒரு சொட்டும் ஊறவில்லை. சரவணை ஊர்ப் பள்ளிக்கூட மண்டபத்து வாங்கில், கையில் ஒரு சின்னக் குழாயோடு அன்னபூரணம் இருந்தார். பட்டணத்திலிருந்து வந்த பல் வைத்தியக் குழு புதுச் சோதனை ஒன்று செய்கிறது. துப்பலை வைத்தே பல் முரசு வருத்தமும் கண்டுபிடிக்கலாமாம், நீரிழிவு என்கிற சீனி வருத்தமும் கண்டுபிடிக்கலாமாம். ஊசி குத்தத் தேவையில்லை.

எல்லாம் சரிதான். ஆனால் அன்னபூரணம் யார்? சொந்த வீட்டிலேயே செம்பில் வாய் வைக்காமல் அண்ணாந்து தண்ணீர் குடிக்கிற மனுசி. எச்சில் என்றாலே பத்தடி தள்ளி நிற்பவர். அவர் நாலு பேர் பார்க்கத் துப்புவதாவது! ஆனாலும் வந்திருந்தார். அவருக்கு அவசரமாக ஒரு சீனி வருத்தம் தேவைப்பட்டது.

சிரிக்காதீர்கள். அடுத்த வளவு மரியநாயகிக்குச் சீனி. அம்மாவுக்கு ஏலாது என்று மகள் ஜொய்சி ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் பிள்ளைகளோடு பாரிசிலிருந்து வந்து இறங்கிவிடுவாள். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரே சிரிப்பும் பொரியல் மணமுமாக இருக்கும். மகள் பார்த்துக்கொண்டு நிற்க, மரியநாயகி சீனி போடாத தேத்தண்ணியை முகத்தைச் சுளித்துக் குடிப்பார். அதற்கும் அன்னபூரணம் பொறாமைப்பட்டதுண்டு.

இந்தப் பக்கம் ஒரு பிடி அரிசி, ஒரு கறி, தனிச் சாப்பாடு. கனடாவிலிருக்கும் மகன் நிமலன் ஞாயிறு தவறாமல் போன் எடுப்பான். சுகமோ அம்மா என்பான். ஓம் என்பார். அதோடு கதை முடிந்துவிடும். சுகமாயிருக்கிற தாயைப் பார்க்க யார் பிளேன் ஏறி வருவார்கள்? கதைக்க ஆளில்லாத வாய் வறளாமல் என்ன செய்யும்?

எழுந்து வெளியே போனார். கைப்பையில் கிடந்த பனங்கட்டித் துண்டை வாயில் போட்டுச் சூப்பினார். வாயும் ஊறும், சீனியும் ஏறும் என்பது அவருடைய கணக்கு. குழாயில் விழுந்தது தேத்தண்ணி நிறத்தில் இருந்தது.

குழுவில் வந்த இளம் வைத்தியர் கோசலா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"அம்மா, பனங்கட்டி சாப்பிட்டனீங்களோ?"

"இல்லைப் பிள்ளை. என்ர துப்பலே அப்பிடித்தான்."

கோசலா புதுக் குழாய் ஒன்றைக் கொடுத்தாள். நாளைக் காலையில் வெறும் வயிற்றோடு, வாய்கூடக் கொப்பளிக்காமல் துப்பிக்கொண்டு வரட்டுமாம்.

வீட்டுக்கு வந்தவர் சும்மா இருந்தாரா? நிமலனுக்கு எடுத்து, சீனி போலத்தான் இருக்குதாம் என்று அவிழ்த்துவிட்டார். சீனியென்று வந்தால் உடனே லீவு போட்டுவிட்டு வருகிறேன் என்றான். போனை வைத்துவிட்டு அன்னபூரணம் சந்தோசத்தில் அழுதார். அழுது முடியத்தான் உறைத்தது. இனிச் சீனி வந்தே ஆகவேண்டும். சொந்த வாயை நம்ப ஏலாது.

விடிந்ததும் விடியாததுமாக மரியநாயகியின் குசினி வாசலில் குழாயோடு போய் நின்றார். விசயத்தைக் கேட்ட மரியநாயகி கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிட்டார்.

"என்ர துப்பல் உங்களுக்கு உதவாது, அன்னமக்கா."

தன் ஆசாரத்துக்குப் பயந்து தயங்குகிறார் என்று அன்னபூரணம் நினைத்தார்.

"ஆசாரத்தை விடும். எனக்குப் பிள்ளை வரவேணும்."

மரியநாயகி அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பி, குழாயை நிரப்பிக் கொடுத்தார். ஆயுளில் முதல்முறையாக இன்னொருவர் எச்சிலை, கோயில் தீர்த்தம் மாதிரி, அன்னபூரணம் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனார்.

அடுத்த கிழமை முடிவு வந்தது. கோசலாவின் முகமெல்லாம் சிரிப்பு.

"முரசு நல்லாயிருக்கு. சீனி மருந்துக்கும் இல்லை அம்மா. இந்த வயசிலை இப்பிடியொரு துப்பலை நான் காணேல்லை."

இன்னொருக்கால் வடிவாகப் பார் பிள்ளை என்று அன்னபூரணம் மன்றாடினார். இரண்டு தரம் பார்த்தாயிற்றாம். போதாக்குறைக்கு, அவசரத்துக்கென்று அவரே கொடுத்த மகனின் இலக்கத்துக்கும் நல்ல செய்தியை அவள் அனுப்பிவிட்டாளாம். வீடு போய்ச் சேருமுன் நிமலனின் குரல் போனில் வந்து கிடந்தது. சந்தோசமாம். லீவை வேண்டாமென்று சொல்லிவிட்டானாம். அடுத்த வருசம் பார்ப்பமாம்.

அடுத்த வருசம், அடுத்த வருசம் என்று எத்தனை வருசம் போய்விட்டது! நெஞ்சு வெந்துபோய் நேரே மரியநாயகியின் படலையைத் தள்ளினார். துப்பலுக்குள் தண்ணீர் கலந்து என்ர பிள்ளையின் வரவைக் கெடுத்துப்போட்டீரே என்று குசினிக்குள் நின்று கத்தினார். ஊரறிந்த சீனிக்காரியின் துப்பலில் சீனி இல்லாமல் எங்கே போனது என்று கேட்டார்.

மரியநாயகி அடுப்பை அணைத்தார். யன்னலைச் சாத்தினார். அன்னபூரணத்தின் கையைப் பிடித்துப் பக்கத்துக் கதிரையில் இருத்தினார்.

"ஜொய்சிக்கு மட்டும் சொல்லிப்போடாதையுங்கோ அன்னமக்கா. பிள்ளை நத்தாருக்கு ரிக்கற் எடுத்திட்டாள்."