ஒரு வளையம், ஒரு கட்டு மெழுகுவர்த்தி

முதல் இரண்டு பில்லில் கச்சிதமாக வந்த விடையை மூன்றாவது பில் காலை வாரிவிட்டது.

"ஒரு மலர்வளையம் என்ன விலைன்னு சொல்ல காலையிலேர்ந்து யோசிக்கிறீங்களே, கணக்கரே," என்றார் முதலாளியின் மருமகன்.

இறுதிச் சடங்குப் பொருள் விற்கும் கடை. முதலாளியை அடக்கம் செய்து இரண்டு நாள்தான் ஆகிறது. விலையெல்லாம் அவர் மண்டைக்குள் இருந்தது; அவரோடு போய்விட்டது. சாயங்காலத்துக்குள் விலைப்பட்டியல் வராவிட்டால் கடையை செல்போன் ரிப்பேர்க்காரருக்கு விட்டுவிடுவதாக மருமகன் சொல்லிவிட்டார். கணக்கர் சேர்ந்து ஒரு மாதம். வயது ஐம்பத்திரண்டு. இதை விட்டால் வேறு வேலை கிடைக்காது. பழைய ஆளான டிரைவரோ டெலிவரிக்குப் போயிருந்தார்.

இரண்டு வளையம், ஒரு கட்டு மெழுகுவர்த்தி: 450. மூன்று வளையம், ஒரு கட்டு: 650. கழித்தால் வளையம் 200, கட்டு 50. சுபம்.

ஆனால் மூன்றாவது பில்லில் ஒரு வளையம், ஒரு கட்டு: 400.

அதை முதல் பில்லோடு சேர்த்துப் போட்டார். வளையம் 50, கட்டு 350. நான்காவது பில்லில் நான்கு வளையம், ஒரு கட்டு: 350. அதையும் முதல் பில்லோடு போட்டார். வியர்த்தது.

"வளையம்... மைனஸ் ஐம்பது வருது, சார்."

"அப்படின்னா?"

"ஒருத்தர் வளையம் வாங்கினா நாம அவருக்கு ஐம்பது குடுக்கணும்."

"எனக்குப் பத்து வளையம் கட்டுங்க. பொழச்சிக்கிறேன்."

மேசையின் அடியிலிருந்து ஐந்தாவது பில் வந்தது. முதலாளியின் நடுங்கிய கையெழுத்து, போன வாரத் தேதி, பெயர் இல்லை. ஒரு வளையம், ஒரு கட்டு: 4000.

"பூஜ்ஜியம் ஒண்ணு கூட விழுந்துடுச்சு போல," என்று கணக்கர் அதை அடித்தார். மூன்றாவது பில்லோடு ஒத்துப்போனது. மூச்சு வந்தது.

"அண்ணே, அதை ஏன் அடிக்கிறீங்க?" வாசலில் டிரைவர்.

"விலை கண்டுபிடிக்கிறேன்பா."

"முதலாளி பொருளுக்கு எங்கண்ணே விலை வச்சாரு? மூஞ்சியைப் பாத்துதான் பில்லு. அழுறவங்களுக்கு அடக்க விலைக்கும் கம்மி. அழாம பில்லைக் கூட்டிப் பாக்குறவங்களுக்குத் தீட்டிடுவாரு."

கணக்கர் பேனாவை மூடினார். அவர் போட்ட எந்தச் சமன்பாட்டிலும் அழுகைக்கு இடமில்லை.

"அப்ப நாலாயிரம் குடுத்த கல்நெஞ்சுக்காரன் யாருய்யா?" என்று சிரித்தார் மருமகன்.

டிரைவர் பேனாவை வாங்கி, அடித்த பூஜ்ஜியத்தைத் திரும்ப எழுதினார்.

"இன்னும் குடுக்கல, மாப்பிள்ளை சார். ஆஸ்பத்திரிக்குக் கிளம்புறப்போ, தன்னோட வளையத்துக்குன்னு உங்க கணக்குல பில்லு போட்டு வச்சுட்டுப் போனாரு."