உரிய பிரிவுக்கு அனுப்புக

மனிதர்களை நெட்டை குட்டை, படித்தவன் படிக்காதவன், நல்லவன் கெட்டவன் என்று எத்தனையோ விதமாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். எல்லாம் வெட்டி வேலை. இருப்பது இரண்டே இனம். கைக்கு வந்த காகிதத்தைப் படிக்கிறவர்கள் ஒரு இனம். பக்கத்து மேசைக்குத் தள்ளுகிறவர்கள் இன்னொரு இனம். முதல் இனத்தைப் பற்றி நமக்குக் கவலையில்லை, அது தன் பாட்டுக்கு வேலை செய்துகொண்டு கிடக்கும். இரண்டாவதற்கு மேலனுப்பி என்று பெயர் வைத்துக்கொள்வோம். அரசாங்க அலுவலகம் என்று எங்கே பலகை தொங்குகிறதோ அங்கே கதவைத் திறந்து உள்ளே போங்கள். இருப்பதிலேயே நன்றாகக் காற்று வருகிற மின்விசிறிக்குக் கீழே ஒருவர் உட்கார்ந்திருப்பார். மேசை சுத்தமாக இருக்கும். அவர்தான்.

நாம் பார்க்கப்போகிறவர் அந்த இனத்திலேயே கொடிகட்டிப் பறந்தவர். நிர்வாகப் பிரிவின் மூத்த எழுத்தர், முப்பத்தொரு வருட சர்வீஸ். நேரில் 'சார்', முதுகுக்குப் பின்னால் 'உரியவர்'. வாயைத் திறந்தால் 'உரிய பிரிவு' என்றுதான் முதலில் விழும், அதனால் வந்த பெயர். அது அவருக்கும் தெரியும். உள்ளூர அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அவர் ஒரு காகிதத்தைக் கையாளும் அழகே தனி. குழந்தையின் ஈரத்துணியைத் தூக்குவதுபோல் இரண்டு விரலால் ஓரத்தைப் பிடித்துத் தூக்குவார். மற்றவர்கள் அதில் என்ன இருக்கிறது என்று பார்ப்பார்கள். இவர் தன்னுடையது இல்லை என்று சொல்ல அதில் எந்த வரி உதவும் என்று பார்ப்பார். கிடைத்துவிட்டால் அதற்கு மேல் ஒரு எழுத்து படிக்கமாட்டார். கண்ணாடியைக் கழற்றுவார், பேனாவைத் திறப்பார், 'இப்பிரிவைச் சார்ந்ததல்ல, உரிய பிரிவுக்கு அனுப்புக' என்று முத்து முத்தான கையெழுத்தில் எழுதுவார், காகிதம் பறக்கும். பிறகு ஒரு பெருமூச்சு. பாவம், உழைத்த களைப்பு!

முகவரி மாற்ற வந்த ஓர் அம்மாளோடு அவர் பேசியதை நீங்கள் கேட்டிருக்கவேண்டும்.

"இங்க இல்லம்மா. மாடிக்குப் போங்க."

"மாடியிலதான் சார் இங்க அனுப்பினாங்க."

"யாரு அனுப்பினது?"

"கண்ணாடி போட்ட ஒருத்தரு."

"அவருக்கு ஒண்ணும் தெரியாது. கீழ இருக்கறவரு மேலதான்னு சொல்லிட்டாருன்னு சொல்லுங்க."

அந்த அம்மாள் ஏறினாள், இறங்கினாள், மறுபடி ஏறினாள், மறுபடி இறங்கினாள், நான்காவது தடவை பாதி மாடிப்படியில் பொத்தென்று உட்கார்ந்து, "எனக்கு உரிய பிரிவு இந்தப் படிதான் போல இருக்கு" என்று வாய்விட்டுச் சிரித்தாள். உரியவர் அதையும் கேட்டார். படிக்கட்டு கட்டடப் பிரிவைச் சேர்ந்தது என்பதால் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு மழை நாளில் அவர் தலைக்கு நேர் மேலேயே கூரை ஒழுகியது. வேறு யாராக இருந்தாலும் ஒரு வாளியைத் தேடியிருப்பார்கள். இவர் ஒரு கையில் குடையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கட்டடப் பிரிவுக்குக் குறிப்பு எழுதினார். கட்டடப் பிரிவு, 'இது தண்ணீர் சம்பந்தப்பட்டது' என்று குடிநீர்ப் பிரிவுக்கு அனுப்பியது. குடிநீர்ப் பிரிவு, 'இது குடிக்கத் தகுந்ததல்ல' என்று திருப்பியது. அதற்குள் மழைக்காலமே முடிந்துவிட்டது. பார்த்தீர்களா, எத்தனை சிக்கனம்!

வீட்டிலும் இதே லட்சணம்தான். குழாய் ஒழுகுகிறது என்று மனைவி சொன்னால், "உன் தம்பிகிட்ட சொல்லு" என்பார். மைத்துனர் வந்து குழாயைச் சரிசெய்துவிட்டுப் போகும்போது, "மாமா, அந்த ஸ்பேனரையாவது எடுத்துக் குடுத்திருக்கலாம்ல?" என்று கேட்பார். "அதெல்லாம் உங்க அக்கா வெச்சிருப்பா" என்று பதில் வரும்.

இப்படிப்பட்டவரிடம்தான், ஆறு வருடத்துக்கு முன்னால், பணிப் பொறுப்பு அட்டவணை தயாரிக்கும் வேலையை மேலதிகாரி ஒப்படைத்தார். இந்த அலுவலகத்தில் யார் யாருக்கு என்னென்ன வேலை, எதற்கு யார் பொறுப்பு என்று ஒன்றுவிடாமல் எழுதவேண்டும். திருடனிடமே சாவிக்கொத்தைக் கொடுத்த கதைதான். மூன்று மாதம் இரவு பகலாக உட்கார்ந்து நாற்பத்திரண்டு பக்கம் எழுதினார். ஜன்னலைத் திறப்பவர் ஒருவர், மூடுபவர் வேறொருவர், அது திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று சொல்பவர் மூன்றாமவர். தன் பெயருக்கு நேரே மட்டும், 'மேற்படி பணிகள் உரியவர்களால் செய்யப்படுவதைக் கவனித்தல்' என்று ஒரே ஒரு வரி. அந்த அட்டவணையில் முப்பத்தெட்டாம் பக்கத்தில் இன்னொரு வரியும் இருந்தது: 'ஊழியர்கள் கோரும் பணிச் சான்றிதழ்களை உரிய பிரிவு வழங்கும்.' எந்தப் பிரிவு? அதை அவர் எழுதவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

ஆறு வருடம் கழித்து, அந்தச் சான்றிதழ் தேவைப்பட்ட முதல் ஆள் அவரேதான்.

அவருக்கு ஒரே மகள். செவிலியர் பயிற்சிக்கு இரண்டாவது முயற்சியில் இடம் கிடைத்திருந்தது. விடுதியில் அறை கிடைத்தால்தான் சேரமுடியும், ஏனென்றால் வீட்டிலிருந்து வெளியூரிலுள்ள கல்லூரிக்குத் தினம் நான்கு மணி நேரம் போய்வர யாராலும் ஆகாது. அந்த அறைக்கு, அப்பா இந்த அலுவலகத்தில் வேலை செய்கிறார் என்று ஒரு சான்றிதழ் வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள், அப்பா அலுவலகத்துக்கு இரண்டு தெரு தள்ளி, விடுதிகளுக்கு விண்ணப்பம் வாங்கும் அலுவலகத்தில் கொடுக்கவேண்டும். கொடுக்காவிட்டால் இடம் அடுத்த பெண்ணுக்கு.

மகள் என்றால் உரியவருக்கு உயிர். அதில் சந்தேகமே வேண்டாம். திங்கட்கிழமை காலை முதல் வேலையாக விண்ணப்பம் எழுதித் தபால் பிரிவில் கொடுத்துவிட்டார். நேரே மேலதிகாரியிடம் போய்க் கேட்டிருக்கலாமே என்கிறீர்களா? முறை என்று ஒன்று இருக்கிறதே! "அப்பா ஆபீஸ்ல அப்பாவுக்கு ஒரு பேப்பர் கிடைக்காதா? நீ கவலையே படாத" என்று மகளிடம் மார்தட்டிவிட்டு நிம்மதியாக இருந்தார்.

காகிதம் கிளம்பியது. தபால் பிரிவு அதை ஒரு பழுப்பு அட்டைக்குள் வைத்துப் பணியாளர் பிரிவுக்கு அனுப்பியது. பணியாளர் பிரிவு அட்டவணையைப் புரட்டிப் பார்த்து, தன் பெயர் இல்லை என்று கண்டு குதூகலித்து, பதிவறைக்கு அனுப்பியது. பதிவறை பண்டகசாலைக்கு அனுப்பியது. பண்டகசாலைக்காரர், 'இவ்விண்ணப்பம் நாற்காலி, மேசை போன்ற பொருள் எதையும் கோரவில்லை' என்று எழுதி நிர்வாகப் பிரிவுக்கு அனுப்பினார். நிர்வாகப் பிரிவு என்றால்? நம்மவர் மேசைதான்!

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டரை மணி. சாப்பிட்ட மயக்கம், மேலே மின்விசிறி. உரியவர் இரண்டு விரலால் அட்டையைத் திறந்தார். உள்ளே இருந்த விண்ணப்பத்தைப் புரட்டவில்லை. புரட்டுகிற பழக்கம் இருந்தால்தானே? கடைசிக் குறிப்பை மட்டும் பார்த்தார். நாற்காலி கேட்காத யாரோ ஒருத்தன். பேனாவைத் திறந்தார். 'விண்ணப்பதாரருக்கும் இப்பிரிவுக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. உரிய பிரிவுக்கு அனுப்புக.' கையெழுத்து, தேதி, பெருமூச்சு.

மூன்று மணிக்கு மகள் வந்து நின்றாள்.

"அப்பா, சர்டிபிகேட் ரெடியா?"

"இதோ வந்துரும்மா. எந்தப் பிரிவுல இருக்குன்னு பாத்துட்டு வரேன்."

தபால் பிரிவுக்குப் போனார். பணியாளர் பிரிவு என்றார்கள். அங்கே பதிவறை என்றார்கள். பதிவறையில் பண்டகசாலை என்றார்கள். மூன்று இடத்திலும் பேச்சு ஒரே மாதிரி, நிதானமாக, மரியாதையாக, அவர் எப்படிப் பேசுவாரோ அப்படியே இருந்தது. மாடி ஏறினார், இறங்கினார், மூச்சு வாங்கியது, மறுபடி ஏறினார், பின்னாலேயே மகளும் ஏறினாள். பண்டகசாலைக்காரர் நாற்காலிகளுக்கு நடுவிலிருந்து தலையை நீட்டி, "அது மதியமே உங்க மேசைக்கு வந்துருச்சே சார்!" என்றார். உரியவர் தன் மேசைக்கு ஓடினார்; அங்கே அட்டை இல்லை.

கடைசியில் தட்டச்சு செய்யும் அக்காவின் மேசையில் அட்டை கிடைத்தது. அவளுக்கு ஏன் போனது? அவளிடம் மட்டும்தான் அதுவரை போகவில்லை, அவ்வளவுதான் காரணம். மகள்தான் அதை முதலில் கையில் எடுத்தாள். கடைசி வரியைப் படித்தாள். அந்தக் கையெழுத்தை அவளுக்குத் தெரியாதா? சின்ன வயதில் அவள் நோட்டுகளுக்கெல்லாம் பெயர் எழுதிக்கொடுத்த கையெழுத்து.

"அப்பா... உங்களுக்கும் உங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லையாம்."

சிரிக்கத்தான் சொன்னாள். பாதியிலேயே குரல் உடைந்துவிட்டது. உரியவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பூமி பிளந்து உள்ளே போனால் தேவலை என்றிருந்தது.

"இப்ப அழுது என்ன ஆகப்போகுது? மணி மூணு இருபது" என்றாள் தட்டச்சு அக்கா. "நான் அஞ்சு நிமிஷத்துல அடிச்சுத் தரேன். ஆனா கீழ 'சரிபார்த்து வழங்கப் பொறுப்பானவர்'னு ஒரு கோடு இருக்கு சார். அது இல்லாம பெரிய ஆபீசர் கையெழுத்துப் போடமாட்டார். யார் பேரை அடிக்க?"

இருபது தலைகள் இருபது மேசைகள்மேல் கவிழ்ந்தன. பணியாளர் பிரிவுக்காரர் குனிந்து, அவிழாத செருப்பு வாரை மாட்ட ஆரம்பித்தார். உரியவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எல்லாமே அவர் வளர்த்த பிள்ளைகள், அவர் எழுதிய அட்டவணையை மனப்பாடமாகப் படித்தவர்கள். யாரைக் குற்றம் சொல்ல? கடிகாரம் நகர்ந்தது. மகள் துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டு நின்றாள்.

"என்... என் பேரை அடிம்மா" என்றார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சார். பொறுப்புன்னு போட்ருக்கு."

"அடிம்மான்னா அடிம்மா!"

தட்டச்சு ஓடியது. முப்பத்தொரு வருடத்தில் முதன்முறையாக ஒரு காகிதத்தை அவர் முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளிவரை படித்தார். கோட்டின்மேல் கையெழுத்துப் போட்டார். மேலதிகாரி நான்கே விநாடியில் கையெழுத்திட்டு, "இதுக்கா அஞ்சு நாளு?" என்று கேட்டார். மகள் அதைப் பறித்துக்கொண்டு தலைதெறிக்க ஓடினாள். நான்கடிக்க எட்டு நிமிடம் இருக்கும்போது தொலைபேசி அடித்தது.

"குடுத்துட்டேன்பா! ரூம் கிடைச்சிருச்சு!"

உரியவர் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினார். சந்தோஷம்தான். எல்லோரும் பார்க்காததுபோல் இருந்தார்கள்.

திங்கட்கிழமை காலை வந்து பார்த்தால் மேசையைக் காணோம். அதன்மேல் மலைபோல் பழுப்பு அட்டைகள். மாடி, கீழ்த்தளம், பதிவறை, பண்டகசாலை என்று எங்கெங்கோ ஆறு வருடமாகச் சுற்றிக்கொண்டிருந்ததெல்லாம் வந்து இறங்கியிருந்தது. இந்த அலுவலகத்தில் 'பொறுப்பு' என்று ஒருவர் எழுத்துமூலம் ஒப்புக்கொண்டார் என்றால் விடுவார்களா? உச்சியில் மேலதிகாரியின் ஆணை: 'அட்டவணையில் உரிய பிரிவு என்று வரும் இடங்களிலெல்லாம் இவர் என்று வாசிக்கவும்.' அட்டவணையில் அது இருநூற்றுப் பதினேழு இடத்தில் வருகிறது. எண்ணிப் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

அவர் நாற்காலியைத் தேடி எடுத்துப்போட்டு உட்கார்ந்து, முதல் அட்டையைத் திறந்து படிக்க ஆரம்பித்தார். வேறு வழி? சாயங்காலம் மகள் விடுதியிலிருந்து கூப்பிட்டபோது, "ஒண்ணு கண்டுபிடிச்சேன்மா" என்றார். "படிச்சா சீக்கிரம் முடிஞ்சுருது."

அவர் கதை இருக்கட்டும். இதைப் படித்துக்கொண்டு வரும்போதே உங்கள் மனதில் ஒரு முகம் வந்ததே, யார் அது? பக்கத்து மேசைக்காரரா? உங்கள் மேனேஜரா? மச்சானா? 'அப்படியே அந்த ஆள்தான், இதை முதலில் அவனுக்கு அனுப்பணும்' என்று குஷியாக நினைத்தீர்கள், இல்லையா? மறைக்காதீர்கள். உங்கள் பெயருக்கு எழுதி உங்கள் கையில் கொடுத்ததை, இரண்டு விரலால் ஓரத்தைப் பிடித்து, அந்த ஆள் மேசைக்குத் தள்ளிவிட்டீர்கள்.