மாப்பிள்ளை வைத்த நான்கு கண்கள்

கிளியனூர்,
சனிக்கிழமை.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை பூவரசன் அவர்களுக்கு, மாமனார் ஜெகதீசன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தை பாஞ்சாலியும் நலம். எண்ணெய் மில் மட்டும் நலமில்லை. விழுப்புரத்தில் நீங்களும் வெண்ணிலாவும் சுகமாக இருக்க வேண்டும். ஒரு மணி நேர பஸ் தூரத்துக்குக் கடிதமா என்று நினைக்காதீர்கள். போனில் நீங்கள் விளக்கும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருக்கிறது, வைத்ததும் ஒன்றும் மிஞ்சுவதில்லை. நடுவில் வெண்ணிலா வேறு போனைப் பிடுங்கி, "அவரு வெச்ச சென்சார நீ கழட்டுனீன்னா தலை தீபாவளிக்கு நாங்க வர மாட்டோம்ப்பா" என்கிறாள். பெற்ற மகள் பேசுகிற பேச்சா இது?

ஆவணியில் நீங்கள் வந்து நான்கு சென்சார் பொருத்தியதிலிருந்து ஆயுத பூஜை வரைக்கும் மில் நன்றாகத்தான் ஓடியது, பொய் சொல்லக் கூடாது. பூஜையிலும் நாங்கள் ஒரு குறை வைக்கவில்லை. மாப்பிள்ளை வைத்த கண்ணாயிற்றே என்று நானே என் கையால் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்தேன். நம் மில் வேலையாள் பச்சைமுத்து சாமந்தி மாலை போட்டான். திருஷ்டிக்கு எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினான், நூல் இற்றுவிடும் என்று இரும்புக் கம்பியிலேயே கோத்தான். இத்தனை மரியாதை செய்தும், மறுநாள் பட்டனைப் போட்டால் நான்கில் மூன்றுக்குப் புத்தி பேதலித்துவிட்டது.

மல்லாட்டைத் தொட்டிக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கிறதே ஒன்று, உரித்த நிலக்கடலைப் பயிறு பக்கத்தில் வந்தால் தொடாமலே தெரிந்துகொள்ளும் என்றீர்களே, அது காலித் தொட்டியை நிறைந்துவிட்டது என்று சொல்லி மோட்டாரை நிறுத்துகிறது. எதிரெதிரே நிற்கும் ஜோடியில் ஒன்று வெளிச்சம் விடும், மற்றது வாங்கும், டின் குறுக்கே வந்து வெளிச்சம் மறைந்தால் பெல்ட் நின்று எண்ணெய் இறங்கும் என்றீர்கள். இப்போது டின்னே வராமல் எண்ணெய் இறங்குகிறது. "மொதலாளி, டின்னு ஒண்ணுங்கூட இல்ல, யாருக்கு ஊத்திக்கினு கீதுங்க?" என்று கேட்டுக்கொண்டே ஓடிவந்த பச்சைமுத்து வழுக்கி அதிலேயே உட்கார்ந்துவிட்டான். டின் வாய்க்கு மேலே இருப்பது இரும்பை மட்டும் பார்க்கும், மூடி இல்லாத டின்னை ஒதுக்கிவிடும் என்றீர்கள். அது எல்லா டின்னுக்கும் மூடி இருப்பதாகச் சத்தியம் செய்து அனுப்பிவிட்டது. கோட்டக்குப்பம் கடைக்காரர் முகம்மது கவுஸ் பாய் போன் செய்து, "அண்ணே, பாதி எண்ணெ வண்டியிலயே கொட்டிக் கீது. ஒரே பேஜாரா போச்சு. தீபாவளி சரக்க வேற எடத்துல பாத்துக்கட்டுமா?" என்றார்.

இதில் ஒன்றுதான் புரியவில்லை. சூடு பார்க்கிற நான்காவது, கொதிக்கிற எண்ணெய்க்குள் கிடப்பதால் அதற்குப் பொட்டும் இல்லை, பூவும் இல்லை. அது மட்டும் ஒழுங்காக உழைக்கிறது. மரியாதை செய்ததெல்லாம் தலைக்கனம் பிடித்து அலைகிறது. பூஜையில்தான் ஏதோ குறை என்று மூன்றுக்கும் மறுபடி கெட்டியாகச் சந்தனம் வைத்தேன், மாலை வாடாமல் இருக்கப் பச்சைமுத்து வேளாவேளைக்குத் தண்ணீர் தெளிக்கிறான். நிலைமை இன்னும் மோசம்.

இவற்றை வைத்திருந்தால் வியாபாரம் போகிறது, கழற்றினால் மகள் வரமாட்டாள். திண்டிவனத்தில் உங்களுக்கு வேட்டியும் அவளுக்குப் புடவையும் எடுத்தாகிவிட்டது. ஆகவே கோபிக்காமல், மூன்றையும் கழற்ற உங்களுக்குச் சம்மதம் என்று வெண்ணிலாவிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிட வேண்டும்.

பிரம்மதேசத்து ஈஸ்வரன் உங்கள் இருவரையும் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். சம்பந்தி வீட்டார் அனைவருக்கும் எங்கள் அன்பு.

இப்படிக்கு,
குழப்பத்தில் உள்ள மாமனார்,
ஜெகதீசன்

பின்குறிப்பு: மேலே உள்ளதைப் படிக்க வேண்டாம். இதை மடிக்கும் நேரத்தில் உங்கள் அத்தை மில்லைச் சுத்தம் செய்யப் போனாள். பழைய மாலையைக் கழற்றினாள், மூடி பார்க்கிறதன் மூக்கில் தொங்கிய எலுமிச்சம்பழ இரும்புக் கம்பியை அவிழ்த்தாள், சந்தனத்தை ஈரத்துணியால் துடைத்தாள். மில் ஓடுகிறது. "உங்க கண்ணுல சந்தனத்த அப்பிட்டா உங்களுக்கு இன்னா தெரியும்?" என்று என்னைக் கேட்டாள், பச்சைமுத்து எதிரிலேயே. வேறு கடிதம் எழுத நேரமில்லை, விழுப்புரம் போகும் வண்டியைக் கிளப்பிவிட்டு அவன் ஹாரன் அடிக்கிறான், அவனிடமே கொடுத்தனுப்புகிறேன். கவுஸ் பாய்க்கு வேறு டின்களை இன்னொரு வண்டியில் ஏற்றியாகிவிட்டது, மூடிகளை நானே தொட்டுப் பார்த்தேன். வெண்ணிலாவிடம் இதைக் காட்டாதீர்கள். தலை தீபாவளிக்கு முதல் நாளே இருவரும் வந்துவிடுங்கள். வரும்போது மறக்காமல் ஒரு மார்க்கர் பேனா கொண்டுவந்து, அடுத்த ஆயுத பூஜைக்கு எந்த இடத்தில் பொட்டு வைக்கலாம் என்று ஒவ்வொன்றிலும் வட்டம் போட்டுக் கொடுங்கள். வைக்காமல் இருக்க மட்டும் என்னால் முடியாது.