இன்னும் லினக்ஸ் போடாதவர்

கம்ப்யூட்டரில் லினக்ஸ் போடுகிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. அவர்களால் யாருக்கும் தொந்தரவு இல்லை. போடுவார்கள், வேலையைப் பார்ப்பார்கள், எழுந்து போய்விடுவார்கள். இங்கே பேச்சு இன்னோர் இனத்தைப் பற்றியது: லினக்ஸ் போடப்போகிறவர்கள். நேற்றும் போடப்போனார்கள், இன்றும் போடப்போகிறார்கள். அடுத்த மாதம் புது வெர்ஷன் வந்ததும் கட்டாயம் போடுவார்கள்.

லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாகப் போட்டுக்கொள்ளும் ஓர் இயங்குதளம், அவ்வளவுதான். இலவசம். இலவசம் என்பதால் ஆளாளுக்கு ஒன்றைச் செய்து ஆளாளுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான். அந்த 'ஏறக்குறைய'வுக்குள்தான் நம்மவர் பாய் விரித்துப் படுத்திருக்கிறார்.

இனத்தை அறிய ஒருவரைப் பார்த்தால் போதும். கள்ளக்குறிச்சி துருகம் சாலையில் உரக்கடைகளுக்கும் நகைக்கடைகளுக்கும் பில் போடும் கம்ப்யூட்டர்களைப் பழுது பார்க்கும் தெய்வசிகாமணி. கடைக்குள் போவார், மூடியைக் கழற்றுவார், தூசியை ஊதுவார், கையில் எது இருக்கிறதோ அதைப் போட்டு ஓடவிட்டு, டீ ஆறுவதற்குள் வெளியே வந்துவிடுவார். அடுத்தவர் கம்ப்யூட்டரில் அவருக்கு எந்தத் தத்துவமும் கிடையாது. தத்துவமெல்லாம் வீட்டில், ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் இருந்தது. மூடிப்போன ஒரு கல்லூரியின் ஏலத்தில் எடுத்து வந்த சர்வர். ஆன் செய்தால் நெல் மெஷின் மாதிரி இரையும். பின்பக்கம் வரும் அனல்காற்றில் அவர் மனைவி கோகிலவாணி மகளின் யூனிஃபார்ம் சாக்ஸைக் காயப்போடுவார். வாங்கி மூன்று ஆண்டுகளில் அந்த சர்வர் செய்த ஒரே உருப்படியான வேலை அது.

பிப்ரவரியில் அதற்கு ஒரு நிஜமான வேலை வந்தது. கொண்டுவந்தவன் கோகிலவாணியின் தம்பி ராஜாங்கம். கல்வராயன் மலையில், கரியாலூரில், அருவி பார்க்க வருகிறவர்களுக்கு ஜீப் ஓட்டுகிறான். ஜீப் அவனுடையதல்ல, வாடகை. சில ஆண்டுகளுக்கு முன்பு பெங்களூர்க்காரன் ஒருவன் இரண்டு நாள் சுற்றிவிட்டு, சிக்னல் இல்லாததால் பணம் அனுப்ப முடியாமல், காலண்டர் தாளின் பின்பக்கம் பன்னிரண்டு ஆங்கிலச் சொற்களை எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். இதுதான் சாவி, இதற்குள் கிரிப்டோ காசு இருக்கிறது, யாரிடமும் காட்டாதே என்று சொல்லியிருந்தான். ராஜாங்கம் அவனை மனதுக்குள் திட்டினான். ஆனாலும் தாளை லேமினேட் பண்ணி வைத்தான். இப்போது அந்தக் காசின் மதிப்பு ஒரு பழைய ஜீப் வாங்கும் அளவுக்கு ஏறியிருந்தது. ஒரே சிக்கல்: அந்தக் காசு இருக்கும் பழைய கம்ப்யூட்டர் வலையை மூடப்போகிறார்கள். அதன் மென்பொருளை ஒரு கம்ப்யூட்டரில் இரவு பகலாக ஓடவிட்டு, அந்த வலையின் முழுக் கணக்குப் பதிவையும் இறக்கி முடித்து, மே முப்பத்தொன்றுக்குள் காசைப் புது வலைக்கு மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் காலண்டர் தாள் காலண்டர் தாள்தான். இறக்கி முடிக்க ஆறு நாளாவது ஆகும்.

ஆறு நாள் வேலைக்கு மூன்று மாதத்துக்கு மேல் அவகாசம் இருந்தது. நம்மவரை வீழ்த்தியது அதுதான்.

மென்பொருளின் கையேட்டில் முதல் வரியே, எந்த லினக்ஸிலும் இது ஓடும் என்று இருந்தது. தெய்வசிகாமணி அதை இரண்டு முறை படித்தார். எழுதியவனுக்கு அனுபவம் போதாது என்று முடிவு செய்தார். காசு விஷயம், கண்டதிலும் போட முடியுமா? ஒரு பட்டியல் தொடங்கினார். பத்தொன்பது வரிசை. டெபியன் நல்லதுதான், ஆனால் வயதான களை தெரிகிறது. உபுண்டு நல்லதுதான், ஆனால் எல்லோரும் போடுகிறார்கள், எல்லோரும் போடுவதைப் போட தெய்வசிகாமணி எதற்கு. ஃபெடோரா நல்லதுதான், ஆனால் பழகுவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. ஆர்ச் போட்டால் நாலு பேர் மதிப்பார்கள், ஆனால் அந்த நாலு பேரும் கேள்வி கேட்பார்கள். அரசுப் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கொடுத்த இலவச லேப்டாப்பிலும் ஒரு லினக்ஸ் வந்தது. அதை அவர் பட்டியலில் சேர்க்கவில்லை. பட்டியலுக்கும் ஒரு மரியாதை இருக்கிறது அல்லவா?

ஒவ்வொன்றையும் ஒரு பென் டிரைவில் ஏற்றி, வெள்ளை டேப் ஒட்டிப் பெயர் எழுதி, மகளின் காம்பஸ் பாக்ஸில் அடுக்கினார். மகள் வேறு பாக்ஸ் வாங்கிக்கொண்டாள். மாலையில் டெலிகிராம் குழுவில் ஒரு கேள்வியைப் போடுவார்: சர்வரில் கிரிப்டோ ஓட்ட எது சிறந்தது? உடனே முப்பது பேர் வந்துவிடுவார்கள். முப்பது பேரும் லினக்ஸ் போடப்போகிறவர்கள். ஒருவரை ஒருவர் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டு, கடைசியில் மூத்தவர் ஒருவர் வந்து, எல்லாம் உங்கள் தேவையைப் பொறுத்தது என்று முடித்துவைப்பார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஓர் ஆயுளையே ஓட்டிவிடலாம். தெய்வசிகாமணி அதற்கு ஓர் இதயத்தைப் போட்டுவிட்டு, தன் தேவை என்ன என்று மறுநாள் காலையிலிருந்து யோசிக்கத் தொடங்குவார்.

சனிக்கிழமைதோறும் ராஜாங்கம் மலையிலிருந்து பஸ்ஸில் இறங்கி வந்தான். முதலில் தேன், பிறகு மரவள்ளிக்கிழங்கு, சீசன் வந்ததும் பலாப்பழம்.

"இன்னா மாமா, ஆயிடுச்சா?"

"பாத்துக்கினு இருக்கேன் மச்சான். அவசரப்பட்டுப் போட்டுட்டு அப்பறம் அவதிப்படக் கூடாது பாரு."

"ஏதோ ஒண்ணப் போட முடியாதா மாமா?"

அந்த 'ஏதோ ஒண்ண' தெய்வசிகாமணியை ஒரு வாரம் தூங்கவிடவில்லை. படித்த மனிதன் வாயில் வருகிற சொல்லா அது?

மே பன்னிரண்டாம் தேதி கோகிலவாணி சர்வருக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றார். "இன்னிக்கி ஒண்ணப் போடறீங்க. இல்ல, இந்தப் பொட்டிய பழைய இரும்புக்குப் போட்டுடுவேன்." குரல் உயரவில்லை. அதனால் அவர் பயந்துபோய் டெபியனைப் போட்டார். இருபது நிமிடம் ஆனது. அதுவரை போன மூன்று மாதத்தையும் அந்த இருபது நிமிடத்தையும் அவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. மென்பொருள் ஓடியது, பதிவு இறங்கியது, சாக்ஸ் காய்ந்தது. பத்து சதவீதம், முப்பது, அறுபது. ராஜாங்கம் மணலூர்பேட்டைக்குப் போய் ஒரு ஜீப்பைப் பார்த்து, ஆற்றோரம் வரை ஓட்டியும் பார்த்துவிட்டு வந்தான்.

பதினேழாம் தேதி, ஞாயிறு மதியம், எண்பத்து மூன்று சதவீதத்தில் இருந்தபோது, தெய்வசிகாமணி தன் சாதனையைக் குழுவில் அறிவித்தார். முகம் தெரியாத ஒருவர் ஒரே ஒரு வரியில் பதில் போட்டார்: கிரிப்டோவுக்கு டெபியனா, தைரியசாலிதான் சார் நீங்கள்.

போயிற்று. சோறு இறங்கவில்லை. தைரியசாலி என்றால் என்ன அர்த்தம்? தனக்குத் தெரியாத எது அவருக்குத் தெரியும்? கையைக் கழுவிக்கொண்டு வந்து, காம்பஸ் பாக்ஸைத் திறந்து, ஒரு பென் டிரைவைச் செருகி, முழுவதையும் அழிக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டதற்கு ஆம் என்றார். உறுதியாகவா என்று கேட்டது. உறுதியாக என்றார். எண்பத்து மூன்று சதவீதம் இரண்டு நிமிடத்தில் போனது. பல நாள் கழித்து அவர் முகத்தில் ஒரு நிம்மதி. ஏனென்றால், மறுபடியும் எல்லாக் கதவும் திறந்திருந்தது.

கோகிலவாணி காலியான திரையைப் பார்த்தார். போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார்.

இன்னும் பதினான்கு நாள் இருந்தது, ஆறு நாள்தான் வேண்டும், ஆக எட்டு நாள் தாராளம் என்று தெய்வசிகாமணி கணக்குப் போட்டார். எட்டு நாளையும் தாராளமாகச் செலவழித்தார். ஒன்பதாவது நாள், தேர்ந்தெடுத்து வைத்திருந்ததற்கு இருபத்தெட்டாம் தேதி புது வெர்ஷன் வருவதாகத் தெரிந்தது. வரப்போவதைத் தெரிந்துகொண்டே பழையதைப் போட மனிதனுக்கு எப்படி மனம் வரும்?

முப்பதாம் தேதி சனிக்கிழமை. ராஜாங்கத்திடம் என்ன சொல்வது என்று அவர் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். தொழில்நுட்பக் காரணங்கள் என்று தொடங்கலாம். வாசலில் ஹாரன் கேட்டது. எட்டிப் பார்த்தால் ஜீப். மணலூர்பேட்டை ஜீப். ராஜாங்கம் பலாப்பழத்தோடு இறங்கினான்.

"காசு மாறிடுச்சி மாமா. செவ்வாக்கெழமையே."

"எப்படி? எதுல ஓட்டின?"

"செல்வி லேப்டாப்புல. ப்ளஸ் டூல கவர்மென்ட்டு குடுத்துதே, பாட்டு கேட்டுக்கினு இருக்குமே, அது. நீங்க அழிச்சிட்டீங்கன்னு அக்கா போன்ல சொன்ன அன்னிக்கே ஆரமிச்சோம். டீக்கடைப் பரண்லதான் டவர் எடுக்குது. அங்கயே வெச்சி ஒம்போது நாள் ஓடுச்சி." செல்வி என்பது அவன் மனைவி செந்தமிழ்ச்செல்வி. கையேட்டை முதல் வரியிலிருந்து படித்தவர் அவர்தான். முதல் வரியை நம்பியவரும்.

தெய்வசிகாமணி பட்டியலை எடுத்துக்கொண்டு வந்தார். "அதுல இன்னா லினக்ஸ்?"

"தெரியல மாமா. நீலமா இருக்கும்."

"வெர்ஷன்?"

"நீலம் மாமா."

கோகிலவாணி பலாப்பழத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். முதுகு குலுங்கியதைப் பார்த்தால் அழுகிறார் என்று தோன்றாது. அது வெறும் அதிர்ஷ்டம், இதையெல்லாம் முறை என்று சொல்ல முடியாது, ஏதாவது ஆகியிருந்தால் என்ன செய்வாய் என்று தெய்வசிகாமணி மச்சானுக்கு நெடுநேரம் எடுத்துச் சொன்னார். பிறகு தெருவுக்கு வந்து ஜீப்பை ஒரு சுற்று சுற்றினார்.

"இதுக்கு அடுத்த மாடல் பாத்தியா?"

ராஜாங்கம் வண்டியை ஸ்டார்ட் செய்தான்.

அந்தப் பட்டியல் இப்போது இருபது வரிசை. இருபதாவதில் 'நீலம்' என்று மட்டும் இருக்கிறது. எதிரே 'ஆய்வில் உள்ளது' என்று ஒரு குறிப்பு. சர்வர் ஃபிரிட்ஜ் பக்கத்திலேயே இருக்கிறது. மழைக்காலத்துக்கு முன்பு அதில் கட்டாயம் லினக்ஸ் போட்டுவிடுவார், சாக்ஸுக்காகவாவது.

சிரிக்கிறீர்கள். நியாயம்தான். உங்களுக்கு லினக்ஸும் தெரியாது, கிரிப்டோவும் தெரியாது, டெலிகிராமில் முகம் தெரியாதவர்களோடு சண்டையும் இல்லை. நல்லது. ஒன்றே ஒன்று. வீட்டுக்கு ஒரு வாட்டர் ஃபில்டர் வாங்க வேண்டும் என்று போன தீபாவளிக்கு முன்பிருந்து போனில் ஏழெட்டை ஒப்பிட்டுப் பார்த்து வைத்திருக்கிறீர்களே, எதை முடிவு செய்தீர்கள்?

பிறகு சொல்லுங்கள், அவசரமில்லை. வாசலில் மணி அடிக்கிறது. கேன் தண்ணீர்க்காரர். போய் இரண்டு கேன் வாங்கி வையுங்கள்.